சொல் சேர்த்தவர்கள்: ஜப்பானியம் கற்போருக்கான கட்டற்ற அகராதியின் வரலாறு

ஜப்பானிய மொழியைக் கற்க விரும்பும் ஒருவர் இன்று ஒரு காசும் செலவழிக்காமல் அகராதி, எழுத்துகளின் வரைவுமுறை, எடுத்துக்காட்டு வாக்கியங்கள், நினைவுப் பயிற்சி ஆகிய நான்கையும் பெற்றுவிடலாம். அவர் திறக்கும் செயலி எதுவாக இருப்பினும், தேடும் தளம் எதுவாக இருப்பினும், அவற்றில் பெரும்பாலானவற்றின் அடித்தளமாக இருப்பது ஒரே சொற்கோப்புதான். அதை 1991-இல் வளர்க்கத் தொடங்கியவர் ஜப்பானியர் அல்லர். அகராதித் தொழிலில் இருந்தவரும் அல்லர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் பணியாற்றிய ஜிம் பிரீன் என்பவர் அவர். அவரும், உலகின் பல மூலைகளிலிருந்து அவருக்குச் சொற்களை அனுப்பியவர்களும், அவர்கள் சேர்த்ததைக் கொண்டு கருவிகள் செய்தவர்களும் சேர்ந்து ஆற்றிய பணியின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். மொழிக்குத் தொண்டு செய்ய எண்ணும் எவருக்கும் இதில் பாடங்கள் உண்டு.

அந்நியர் ஜப்பானிய மொழிக்கு அகராதி செய்யும் மரபு மிகப் பழையது. ஏசு சபைத் துறவியர் நாகசாகியில் 1603-இல் அச்சிட்ட ஜப்பானிய-போர்த்துக்கீசிய அகராதியில் ஏறத்தாழ 32,000 சொற்கள் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் கிறித்தவம் ஜப்பானில் தடை செய்யப்பட்டது. அந்த அகராதியின் படிகளுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. எனினும் அக்காலப் பேச்சுமொழி எவ்வாறு ஒலித்தது என்பதை அறிய ஜப்பானிய அறிஞர்களே இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள். பின்னர் 1859-இல் ஜப்பான் வந்த அமெரிக்க மருத்துவரும் சமயப் பணியாளருமான ஹெப்பர்ன், 1867-இல் தம் ஜப்பானிய-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதை அச்சிட வேண்டிய வசதி ஜப்பானில் இல்லாமையால் ஷாங்காய் சென்று அச்சேற்ற வேண்டியிருந்தது.

ஜப்பானியர் தமக்கென நவீன அகராதி செய்துகொண்ட கதையும் துயரம் தோய்ந்ததே. ஓட்சுகி ஃபுமிஹிகோ என்னும் அறிஞரை 1875-இல் கல்வி அமைச்சகம் அப்பணியில் அமர்த்தியது. அவர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்த கைப்பிரதி அமைச்சகத்தில் முடங்கிக் கிடந்தது. இறுதியில், சொந்தச் செலவில் வெளியிடுவதானால் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடமே திருப்பித் தந்தார்கள். ‘கென்காய்’, அதாவது ‘சொற்கடல்’ என்ற பெயரில் அது 1889 முதல் 1891 வரை வெளிவந்தது. அச்சுப்பணி நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே அவர் தம் மகளையும் மனைவியையும் இழந்தார். அகராதி செய்தவர்களின் வரலாற்றில் இத்தகைய பக்கங்களுக்குக் குறைவில்லை. யார் செய்வது, யார் செலவில் செய்வது, செய்தது யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளும் எக்காலத்திலும் எழுகின்றன. கணினிக் காலத்திலும் அவையே எழுந்தன.

* * *

கருவிகளின் கதைக்குள் நுழையுமுன் கற்பவரின் இடர்ப்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் மொழியில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் அகராதியைப் புரட்டிவிடலாம். ஜப்பானியத்தில் அது இயலாது. ஹிரகனா, கதகனா என்னும் இரண்டு அசையெழுத்து வரிசைகளோடு, சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளும் கலந்தே எழுதப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 1946-இல் 1,850 கன்ஜிகள் இருந்தன. 1981-இல் 1,945 ஆகி, 2010 முதல் 2,136 ஆக உள்ளன. கன்ஜியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஒலி தெரிந்துவிடாது. பிறப்பு, வாழ்வு, பச்சை ஆகிய பொருள்களைத் தரும் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ‘செய்’ என்றும், ‘ஷோ’ என்றும், ‘நமா’ என்றும், ‘இகிரு’ என்பதன் முதற்பகுதியாகவும், ‘உமரெரு’ என்பதன் முதற்பகுதியாகவும் ஒலிக்கும். ஒலி தெரியாத எழுத்தை அகர வரிசையில் எங்ஙனம் தேடுவது?

சீன மரபு இதற்கு 214 அடிப்படை உறுப்புகளை வகுத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தும் அவற்றுள் ஒன்றன்கீழ் வரும். சூரியனும் சந்திரனும் சேர்ந்த ‘வெளிச்சம்’ என்ற எழுத்தைச் சூரியனின்கீழ்த் தேட வேண்டும் என்பது ஏற்கெனவே அறிந்தவருக்கே எளிது. ஆண்ட்ரூ நெல்சன் 1962-இல் வெளியிட்ட எழுத்தகராதியை வைத்துக்கொண்டு மேலைநாட்டு மாணவர் தலைமுறை ஒன்று இந்த உறுப்புகளோடு மல்லுக்கட்டியது. ஒரு நாளிதழ்ப் பத்தியைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

போதாக்குறைக்கு ஜப்பானியத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். சொல் தெரியாதவருக்கு எல்லை தெரியாது. எல்லை தெரியாதவரால் அகராதியில் சொல்லைத் தேட முடியாது.

ஜப்பானுக்கு வெளியே இருந்த கணினிகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 1990-ஆம் ஆண்டின் ஜப்பானியத் தொழில்தர நியமம் 6,355 கன்ஜிகளுக்குக் குறியெண்களை வகுத்திருந்தது. ஆயினும் ஒரே எழுத்துத் தொகுதியைக் குறியேற்ற மூன்று வெவ்வேறு முறைகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் திரையில் அலங்கோலமே தெரியும். அதற்கு ‘மொஜிபகே’, அதாவது ‘எழுத்து உருமாற்றம்’ என்று ஜப்பானியர் பெயரே சூட்டியிருந்தனர். ஒருங்குறிக்கு முன் ஆளுக்கோர் எழுத்துருவோடு அல்லாடிய தமிழ் வாசகர்களுக்கு இது புதிய கதையன்று.

* * *

அக்காலத்தில் ‘மோக்’ என்றொரு சிறிய ஜப்பானிய எழுதுமென்பொருள் இருந்தது. மார்க் எட்வர்ட்ஸ் என்பவர் டாஸ் இயங்குதளத்துக்காக ஆக்கியது. அதனுடன் ஒரு சிறு சொற்பட்டியலும் வந்தது. அப்பட்டியலை விதையாகக் கொண்டே பிரீன் 1991-இல் தம் பணியைத் தொடங்கினார். கோப்புக்கு ‘எடிக்ட்’ என்று பெயர். அதன் அமைப்பு மிக எளியது. ஒரு வரிக்கு ஒரு சொல். முதலில் கன்ஜி வடிவம், அடுத்துப் பகர அடைப்புக்குள் ஒலி, பின்னர் சாய்கோடுகளுக்கிடையே ஆங்கிலப் பொருள்கள். எந்த எழுதுமென்பொருளிலும் திறக்கலாம். எந்த நிரலாளரும் ஒரு மணி நேரத்தில் அதைப் படிக்கும் நிரலை எழுதிவிடலாம். இந்த எளிமைதான் அதன் பரவலுக்கு முதற்காரணம் என்பது நம் கருத்து. கருவிகள் பழையனவாகி மறைந்தன. கோப்பு ஒவ்வொரு புதிய கருவிக்கும் கைமாறிச் சென்றது.

கோப்பைத் தேடிப் பார்க்கும் மென்பொருள்களையும் பிரீனே எழுதினார். முதலில் டாஸுக்கு ஒன்று. பின்னர் யுனிக்ஸுக்கு ஒன்று. 1998-இல் உலாவி வழியே எவரும் பயன்படுத்தக்கூடிய இணைய அகராதி. கூடவே ‘கன்ஜிடிக்’ என்ற மற்றொரு கோப்பும் வளர்ந்தது. நியமத்திலிருந்த 6,355 கன்ஜிகளுக்கும் ஒலிகள், பொருள்கள், கோட்டெண்ணிக்கை, பள்ளி வகுப்பு நிலை ஆகியவற்றோடு, பெயர்பெற்ற அச்சகராதிகளில் அவ்வெழுத்து எத்தனையாவது என்ற எண்ணையும் அது தந்தது. கையிலிருக்கும் நூலையும் திரையையும் இணைக்கும் பாலமாக அவ்வெண்கள் அமைந்தன. ஜாக் ஹால்பெர்ன் என்ற அகராதியாளர், எழுத்துகளை இடம்-வலம், மேல்-கீழ், சூழ்ந்தது, பிரியாதது என நான்காகப் பகுத்துத் தேடும் முறையொன்றை வகுத்திருந்தார். அக்குறியீடுகளை அவர் இசைவுடன் கோப்பில் சேர்த்தனர்.

மைக்கேல் ரெய்ன் தொடங்கிப் பிரீன் செம்மையாக்கிய மற்றொரு பட்டியல் கற்பவர்க்குப் பேருதவியாயிற்று. ஓர் எழுத்துக்கு ஓர் உறுப்பு என்ற பழைய விதியை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் எல்லாக் கூறுகளையும் பட்டியலிட்டார்கள். மரம், பெண் என்ற இரு கூறுகளைக் குறித்தால் போதும். ‘சகுரா’ மரத்தைக் குறிக்கும் எழுத்து அடங்கிய சிறு பட்டியல் வந்து நிற்கும். எந்த உறுப்பின்கீழ் வரும் என்ற மரபறிவு தேவையில்லை. ஒரு மாலைப்பொழுதை விழுங்கிய வேலை சில நொடிகளில் முடிந்தது.

சொற்கள் எங்கிருந்து வந்தன? பிரீன் தாமே சேர்த்தவை ஒருபுறம் இருக்க, பெரும்பகுதி பயனர்கள் அனுப்பியவை. மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பொறியாளர்களும் தாம் அகராதியில் தேடிக் கிடைக்காத சொற்களைப் பொருளுடன் அனுப்பினர். சிலர் தாம் பல்லாண்டு சேர்த்த துறைச்சொற் பட்டியல்களை முழுமையாகவே அளித்தனர். பதிப்புரிமையுள்ள அச்சகராதிகளிலிருந்து அள்ளிக்கொண்டு வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஒரு சொல்லின் பொருள் எவருக்கும் சொந்தமன்று. அதைத் தொகுத்து விளக்கியிருக்கும் முறை ஒருவர் உழைப்பு. இந்த வேறுபாட்டைப் பேணியதால்தான் கோப்பு வழக்குகளில் சிக்காமல் வளர்ந்தது.

1999-இல் அடுத்த கட்டம் வந்தது. ஒரு வரிக்கு ஒரு சொல் என்ற அமைப்பில், ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதலாம் என்றால் மூன்று வரிகள் வேண்டியிருந்தன. பொருள்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டவும் இடமில்லை. எனவே எக்ஸ்.எம்.எல். வடிவில் ‘ஜே.எம்.டிக்ட்’ என்ற புதிய தொகுப்பு உருவாயிற்று. அதில் ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சு, ருஷ்யம், டச்சு முதலிய மொழிப்பொருள்களுக்கும் இடம் செய்யப்பட்டது. பழைய கருவிகள் நின்றுபோகாதபடி பழைய வடிவக் கோப்பும் தொடர்ந்து வெளியிடப்பட்டது. 60,000 சொற்களைத் தாண்டியிருந்த அத்தொகுப்பு பின்னாளில் 1,70,000 பதிவுகளையும் கடந்து வளர்ந்தது. இடப்பெயர், ஆட்பெயர்களுக்குத் தனிக் கோப்பு ஏற்பட்டது.

உரிமைக் கேள்விக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் பிரீன் தம் பெயரிலிருந்த பதிப்புரிமையை, மோனாஷில் இதற்கென அமைக்கப்பட்ட மின்னகராதி ஆய்வுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார். தனியொருவர் மறைந்தாலும் மனம் மாறினாலும் தொகுப்பு பொதுவில் நிலைக்க வேண்டும் என்பதற்கு இது காப்பாயிற்று. தொடக்கத்தில் கோப்புகளுக்கென்றே எழுதப்பட்ட நிபந்தனைகள் இருந்தன. பின்னர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வந்தது. எடுத்தாள்வோர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அகராதியை விரிவாக்கி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் பிறர்க்குத் தர வேண்டும் என்பது அதன் சாரம். விலைக்கு விற்கும் செயலிகளும் இத்தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் சொற்களை அவற்றால் தம் பெட்டிக்குள் பூட்டிக்கொள்ள முடியாது.

* * *

சொல் மட்டும் போதாது, வாக்கியமும் வேண்டும். அதன் கதை நெஞ்சைத் தொடுவது. ஹ்யோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தனாகா யசுஹிதோ, தம் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஜப்பானிய வாக்கியமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 300 இணைகளைச் சேர்த்துத் தர வேண்டும். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2,12,000 இணைகள் சேர்ந்தன. 2001-இல் நடந்த ஒரு கணினி மொழியியல் மாநாட்டில் அத்தொகுப்பை அவர் பொதுவுக்கே அளித்துவிட்டார். 2003-இன் தொடக்கத்தில் அவர் காலமானார்.

தொகுப்பில் பிழைகள் மலிந்திருந்தன. எழுத்துப்பிழைகள் ஏராளம். சில இடங்களில் மொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்தவேயில்லை. பல வாக்கியங்கள் பாடநூல்களிலிருந்து வந்தவை போலத் தோன்றின. பேராசிரியரே அதன் தரத்தை உயர்வாக எண்ணவில்லை என்று சொல்லப்படுகிறது. ஆயினும் அதைத் தூக்கி எறியவில்லை. 2002-இல் பிரீனின் இணைய அகராதியில் எடுத்துக்காட்டுகளாக அவ்வாக்கியங்கள் சேர்க்கப்பட்டன. பின்னர்த் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்தினர். இரட்டிப்புகளைக் களைந்தபின் ஏறத்தாழ 1,50,000 இணைகள் எஞ்சின. ட்ராங் ஹோ என்ற பெண்மணி 2006-இல் தொடங்கிய ‘ததோஎபா’ என்னும் பன்மொழி வாக்கியத் திட்டத்தில் அவை பிற்பாடு சேர்ந்தன. ததோஎபா என்றால் ஜப்பானியத்தில் ‘எடுத்துக்காட்டாக’ என்று பொருள். குறையுள்ள கொடையும் திருத்துவோர் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டால் செல்வமாகிவிடுகிறது. குறையில்லாமல் செய்து முடித்தபின்தான் வெளியிடுவேன் என்று தனாகா காத்திருந்தால் அந்த மாணவர்களின் உழைப்பு எதற்கும் பயன்பட்டிராது.

சொல்லெல்லை காணும் சிக்கலை ஜப்பானிய ஆய்வாளர்கள் தீர்த்தனர். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஜூமன்’, நாரா நகர ஆய்வு நிறுவனத்தில் உருவான ‘சாசென்’, குதோ தாகு எழுதிய ‘மெகாப்’ ஆகிய சொற்பகுப்பு மென்பொருள்கள் மூலநிரலோடு வெளியாயின. எழுத்துகளை எந்த வரிசையில் வரைவது என்பதை உல்ரிக் ஆப்பெல் தம் ‘கன்ஜி வி.ஜி.’ தொகுப்பில் கோடு கோடாக வரைந்து அளித்தார். இணையப் பக்கத்தில் ஒரு சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலே பொருள் தோன்றும் ‘ரிகைச்சான்’ என்ற உலாவிக் கருவி, பிரீனின் கோப்பை உள்ளடக்கி வந்தது. 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் பழைய நீட்சிகளைக் கைவிட்டபோது ரிகைச்சானின் வாழ்வு முடிந்தது. ஆனால் அதன் நிரலும் சொற்களும் திறந்திருந்தமையால் அதன் வழித்தோன்றல்கள் பணியைத் தொடர்ந்தன. ‘யோமிச்சான்’ என்ற மற்றொரு கருவியை அதன் ஆசிரியர் 2023-இல் நிறுத்தியபோது, ‘யோமிதான்’ என்ற பெயரில் வேறு கைகள் அதை ஏற்றுக்கொண்டன. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் இரண்டும் அன்றோடு மறைந்திருக்கும்.

கற்றதை மறவாதிருக்க வழி செய்த கருவி ‘அன்கி’. இச்சொல்லுக்கே மனப்பாடம் என்று பொருள். ஜப்பானியம் பயின்றுவந்த டேமியன் எல்ம்ஸ் இதை 2006 அக்டோபரில் வெளியிட்டார். மறதி எவ்வாறு படிப்படியாக நேர்கிறது என்பதை எப்பிங்காஸ் 1885-இலேயே அளந்து எழுதியிருந்தார். மறக்கும் தறுவாயில் நினைவூட்டினால் அடுத்த மறதி தள்ளிப்போகும் என்ற அடிப்படையில் போலந்து நாட்டவரான வோஸ்னியாக் 1987-இல் வகுத்த கணக்குமுறையை எல்ம்ஸ் எடுத்தாண்டார். ஜப்பானியத்துக்கென முளைத்த கருவியை இன்று மருத்துவ மாணவர்கள் உலகெங்கும் பயன்படுத்துகின்றனர்.

* * *

குறைகளையும் சொல்ல வேண்டும். சாய்கோடுகளுக்கிடையே ஆங்கிலச் சொற்களை அடுக்குவது விளக்கமாகாது. எது எந்தச் சூழலுக்குரியது, எது மரியாதைச் சொல், எது வழக்கொழிந்தது என்பவற்றை அறியாத மாணவர் தவறான சொல்லைப் பொறுக்கிவிடுவார். பிற்காலத்தில் குறிப்புகள் பெருகின. பதிப்பாசிரியர் சிலர் பொறுப்பேற்று ஒவ்வொரு திருத்தத்தையும் சரிபார்க்கும் முறை வந்தது. எனினும் ஆங்கிலத்தின் வழியே பார்க்கும் பார்வை மாறவில்லை.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று வாதிட்டார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமும் அவ்வழக்குக்குள் புக விரும்பவில்லை. உறவு இருப்பினும் இல்லையெனினும் அமைப்பின் ஒப்புமை கண்கூடு. இரு மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும். உருபுகள் பெயருக்குப் பின்னே வரும். நாம் ‘நானும்’ என்பதை அவர்கள் ‘வதஷி மோ’ என்பர். ‘கிகு’ என்ற வினைக்கு அகராதி ‘செவிமடுத்தல்’, ‘வினவுதல்’ என்று பொருள்படும் வெவ்வேறு ஆங்கிலச் சொற்களைத் தருகிறது. நமக்கோ ‘கேள்’ என்ற ஒரு சொல் இரண்டையும் தழுவிக்கொள்கிறது. ‘யொந்தெ மிரு’ என்பது சொல்லுக்குச் சொல் ‘படித்துப் பார்’. ‘யொந்தெ ஒகு’ என்பது ‘படித்து வை’. இத்துணைவினைகளைப் புரியவைக்க ஆங்கில இலக்கண நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தமிழ் மாணவருக்கு ஒரு வரி போதும்.

ஆனால் அந்த ஒரு வரி எழுதப்படவில்லை. ஜே.எம்.டிக்ட் தொகுப்பில் இடம்பெற்ற மொழிகளுள் தமிழ் இல்லை. ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஜப்பானியம் பயிலும் மாணவர், நேரே நடக்கக்கூடிய தொலைவை ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு கடக்கிறார். ஆங்கிலத்தில் தேர்ச்சியில்லாதவருக்கு அந்தச் சுற்றுவழியும் அடைபட்டுக் கிடக்கிறது. ஜப்பானிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே நம்மிடம் வந்துகொண்டிருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். நேரடியாக மொழிபெயர்க்கவல்லோர் பெருக வேண்டுமானால் அவர்கள் கையில் முதலில் தமிழ் அகராதி இருக்க வேண்டும்.

அதைச் செய்யப் பெரும்பொருளோ அரசாணையோ வேண்டியதில்லை என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. கோப்பு பொதுவில் இருக்கிறது. உரிமம் இசைவு தருகிறது. மிகுதியாக வழங்கும் ஆயிரம் சொற்களை எடுத்துக்கொண்டு, எளிய உரைக்கோப்பாக, ஒரு வரிக்கு ஒரு சொல்லென்று தொடங்கலாம். பிழைகள் இருக்கும், திருத்துவோர் வருவர். ஜப்பானியம் அறிந்த நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘கேள்’ என்ற சொல்லிலிருந்தே அவர்கள் தொடங்கலாமே.